நீலப் பொறி

செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகவே சுற்றியது, பற்றிக்கொள்ளத்தான் மறுத்தது. பல மாதம் மூலையில் கிடந்த பழைய கேஸ் ஃபோர்க்லிஃப்ட் அது. பார்க்க வந்த மேஸ்திரி முதலில் தொட்டது இன்ஜினை அல்ல, பின்னால் படுத்திருக்கும் சிலிண்டரின் வால்வை. அதை மூடிவிட்டு, தேங்கிய வாயு கலையட்டும் என்று வெற்றிலை மடிக்கும் நேரம் பேசாமல் நின்றார். நெருப்பைத் தேடப் போகிறவரின் அந்தப் பொறுமை எவ்வளவு அழகு!

பிறகு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் உடம்பில் கிளிப் போட்டு நிறுத்தினார். "தம்பி, செல்ஃப் அடிங்க." வெளிச்சம் படாமல் உள்ளங்கையால் மறைத்துக் குனிந்தார். நல்ல பொறி என்றால் நீலமும் வெண்மையும் கலந்து, 'டிக் டிக்' என்று காதுக்கும் கேட்கும். நோஞ்சான் பொறி மஞ்சள் இழையாய் நடுங்கும். இங்கே இரண்டும் இல்லை, இருட்டுதான். காயிலிலிருந்து வரும் நடு வயரைப் பிடுங்கி, அதன் முனையில் பிளக்கை மாட்டிப் பார்த்தார். அங்கும் இருட்டு. டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார், நான்கு பிளக் வயர் எல்லாமே அந்த ஒரே அசைவில் சந்தேகத்திலிருந்து விலகி நின்றன. எத்தனை சிக்கனமான கை!

அடுத்து டெஸ்ட் லேம்ப். காயிலின் மைனஸ் முனையில் வைத்துச் செல்ஃப் அடித்தால் அது கண் சிமிட்ட வேண்டும். சிமிட்டவில்லை, இமைக்காமல் எரிந்தது. "பாயிண்ட் சேரலை தம்பி," என்றார், குழந்தையின் நாடி பார்த்துச் சொல்வதுபோல.

இந்தப் பாயிண்டைச் சற்று அருகில் வந்து பாருங்கள். மிளகளவில் இரண்டு உலோக முகங்கள். அவை சேர்ந்திருக்கும்போது காயிலில் மின்னோட்டம் பாய்ந்து காந்தம் திரள்கிறது. பிரியும் நொடியில் அந்தக் காந்தம் சரிய, பேட்டரியின் 12 வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாய்ப் பொங்கி எழுகிறது. சேரும்போது அல்ல, பிரியும்போதுதான் பொறி! சார்ல்ஸ் கெட்டரிங் நூறாண்டுக்கு முன்பே கார்களுக்குக் கொண்டுவந்த நுட்பம். நினைக்க நினைக்க எனக்குத் தித்திக்கிறது.

முகங்களில் சாம்பல் நிறத்தில் மெல்லிய களிம்பு படர்ந்திருந்தது. பொடி அரத்தால் இரண்டே இழுப்பு. சுத்தத் துணியால் ஓர் ஒற்றல். கேமின் மேட்டில் பாயிண்ட் முழுதாய்த் திறந்து நிற்கும்படி இன்ஜினைக் கையால் திருப்பி, 0.45 மில்லிமீட்டர் தகட்டை இடையில் நுழைத்தார். இறுகவும் இல்லை, நழுவவும் இல்லை. பட்டு மடிப்புக்குள் விரல் ஓடுவதுபோன்ற அந்த லேசான பிடிப்பை அவர் கண்மூடி வாங்கிக்கொண்டார்.

"இப்ப அடிங்க."

உள்ளங்கை நிழலுக்குள் குறுநீலப் பூவொன்று பூத்துப் பூத்து உதிர்ந்தது. வால்வைத் திறக்க மறந்து இருவரும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.