மின்துறையும் உடைமையும்: ஒரு சொற்போர்த் தலைப்பின் திறனாய்வு

தமிழ்ப்பள்ளிகளிலும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் சொற்போருக்கு அடிக்கடி எடுக்கப்படும் தலைப்புகளுள் ஒன்று, 'மின்துறை அரசிடம் இருத்தல் நன்றா, தனியாரிடம் இருத்தல் நன்றா?' என்பது. அத்தகைய சொற்போர்கள் பலவற்றில் நடுவராக அமர்ந்திருக்கிறேன். ஒரு சாரார் அரசே ஏழைக்கு அரண் என்பர். மறுசாரார் தனியார் துறையே திறமைக்கு உறைவிடம் என்பர். மணி அடித்ததும் கைதட்டலின் அளவைப் பொறுத்துத் தீர்ப்பும் அமைந்துவிடும். வாதங்கள் கேட்க இனியவை. ஆயினும் தலைப்பிலேயே ஒரு குறை உண்டு. அதனைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். மேடையில் 'அரசுடைமை', 'பொதுவுடைமை', 'நாட்டுடைமை' என்னும் மூன்றும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. அரசின் பெயரில் உள்ள பொருள் எல்லார்க்கும் பொதுவாய்ப் பயன்படும் என்ற முடிவு, ஆராயாமலே அச்சொல்லாட்சியில் புகுந்துவிடுகிறது. உடைமை என்பது பத்திரத்தில் எழுதும் சொத்தை மட்டும் குறிக்கும் சொல்லோ? திருக்குறளில் அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, ஆள்வினையுடைமை என அதிகாரத் தலைப்புகள் பல உள. அவை யாவும் உடையவர் நடந்து காட்ட வேண்டிய பண்புகள். உடையவர் என்றால் கடமைப்பட்டவர் என்னும் இப்பொருளையே நம் சொற்போர்கள் மறந்துவிட்டன.

இனி வரலாற்றைக் காண்போம். தீபகற்ப மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகக் கூறும் முதற் குறிப்பு 1894ஆம் ஆண்டைச் சார்ந்தது. ராவாங்கில் தம் ஈயச் சுரங்கத்துக்கெனத் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் மின்னாக்கி அமைத்தனர். தமிழர் ஒருவரும் சீனர் ஒருவருமாகிய இரு தனியாரே இத்துறைக்கு முன்னோடிகள். பின்னர்ப் பேராக்கில் ஆங்கிலேயர் கம்பெனி ஒன்று செண்டரோ அணையை 1930இல் முடித்து, கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் விற்றது. அரசு தொடாத பணியைத் தனியார் தொட்டனர், அது பெருமையே. ஆனால் விலை கொடுப்பார் இருந்த இடம் வரைதான் அவர்களின் கம்பி சென்றது.

அரசு தொடங்கிய பணி ஏழையின் வாசலுக்கே முதலில் வந்ததா எனின், அதுவும் இல்லை. நீலகிரியில் சென்னை அரசு அமைத்த பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபோது, அதன் ஆற்றல் பெரிதும் கோவைப் பஞ்சாலைகளை வளர்த்தது. ஆக, முதலில் ஆலையும் சுரங்கமும், பின்னர் வீடு என்ற வரிசை இரு சாரார்க்கும் பொதுவாகவே இருந்தது.

நாம் வாழும் கேமரன் மலையின் கதை இன்னும் தெளிவானது. 1949இல் தோன்றிய மத்திய மின்சார வாரியம், இம்மலையின் நீர்மின் திட்டத்துக்கென 1958இல் உலக வங்கியிடம் 3 கோடி 56 இலட்சம் அமெரிக்க டாலர் கடன் பெற்றது. 1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணை எழுந்தது. டெலோம், பெர்த்தாம் ஆறுகளின் நீர் அங்குத் தேங்கி, மலையைக் குடைந்த வழியே பேராக் பக்கம் இறங்கி, ஜோர் என்னுமிடத்து நிலத்தடி மின்நிலையத்தில் 100 மெகாவாட் ஆற்றலாக மாறுகிறது. பகாங்கின் நீர் மலை கடந்து மேற்குக் கரையின் ஊர்களுக்கு ஒளி தந்தது. அரசு முன்னின்றிராவிடில் இத்துணைப் பெரும்பணி அன்று நடந்திராது.

அவ்வாரியம் 1965இல் தேசிய மின்சார வாரியம் என்றும், 1990இல் தெனாகா நேஷனல் என்னும் நிறுவனமாகவும் மாறிற்று. 1992இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் தீபகற்பம் இருளில் மூழ்கியது. 1993 முதல் தனியார் மின் உற்பத்தியாளர்க்கு உரிமங்கள் தரப்பட்டன. பற்றாக்குறை நீங்கியது உண்மை. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிடினும் தொகை செலுத்த வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் உடன் வந்ததும் உண்மை. ஆதாயம் தனியார்க்கும் இடர் பொதுமக்களுக்கும் என்றாகுமிடத்து, அதனைத் தனியார் முயற்சி எனப் போற்றுதல் பொருந்துமா?

தெனாகாவின் பங்குகளிற் பெரும்பகுதியை அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்கள் வைத்துள்ளன. ஊழியர் சேமநிதி வாரியமும் அவற்றுள் ஒன்று. சேமநிதி செலுத்தும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் அவ்வழியே சிறு பங்காளியாகிறார். இந்நிறுவனத்தை அரசுடைமை என்பதா, தனியுடைமை என்பதா? மாணவர் எப்பக்கம் நின்று பேசினாலும் பாதி உண்மையே பேசுவர்.

யான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மாலை மங்கியதும் ஜெனரேட்டர் ஓடும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படிப்பு. எதிர்மலை முகட்டில் உயரழுத்தக் கம்பிகள் சென்றுகொண்டிருந்தன. லயத்து வீட்டுக்கு மேலே பொதுவின் கம்பி, பக்கத்தில் தனியாரின் எஞ்சின். இரண்டுக்கும் இடையே சிம்னிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த என் தாயாரிடம், மின்சாரம் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை.

2013 அக்டோபரில் கனமழையால் நீர்மட்டம் உயர, அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. காடு வெட்டிய சரிவுகளிலிருந்து ஆண்டுதோறும் இறங்கிய மண் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறைத்திருந்தது. சரிவில் பயிரிடுவோர் ஒருவர், நிலத்தை ஆள்வது மாநில அரசு, அணையை நடத்துவது நிறுவனம். வெள்ளமோ இவ்வெல்லைகளை அறியவில்லை. உடைமையாளர் பலர் இருந்த அப்பள்ளத்தாக்கில், நள்ளிரவில் சேறு சுமந்தவர் கரையோர மக்களே.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தலைப்பை நீக்க வேண்டா, திருத்தி வழங்குக. கம்பி கடைசியாக யார் வீட்டுக்கு வந்தது, இழப்பு நேர்ந்தால் யார் தாங்குவர், அணைக்குக் கீழே வாழ்வார்க்கு யார் மறுமொழி கூறுவர் என்னும் மூன்று வினாக்களை மாணவர் முன் வைப்போம். இவற்றுக்கு விடை கூறும் அமைப்பு அரசினதாயினும் தனியாரதாயினும் அதுவே மின்துறையை உடையது எனலாம். விடை கூறாத அமைப்பிடம் இருப்பது பத்திரம் மட்டுமே. நடுவராக அமர்வோர் இனிக் கைதட்டலை எண்ணுமுன் இவ்வேறுபாட்டை எண்ணுவார்களாக.