தூதும் உருவகமும்

பாடங்கேட்க வரும் பிள்ளைகள், திருவாய்மொழி முதற்பத்தின் நான்காம் பதிகத்து நாரையை ‘உருவகம்’ என்றே எழுதி வருகிறார்கள். உவமானத்துக்கும் உவமேயத்துக்கும் வேற்றுமை ஒழித்து ஒன்றாக்குவது உருவகம் என்பது தண்டியலங்காரக் கொள்கை. இங்கே அவ்வாறில்லை. ஆசார்ய ஹ்ருதயம் பறவைகளை ஆசார்யர்களாகவும் சிறகுகளை ஞானாநுஷ்டாநங்களாகவும் காட்டியது மெய்யே. ஆயினும் அது ஸ்வாபதேசம். அந்யாபதேசத்தை அழித்துக்கொண்டு எழுவதன்று. ஈட்டை ஒருமுறை பதந்தோறும் வாசித்தவர்க்கு இது விளங்கும். பராங்குச நாயகி தான் தனித்திருக்க, சேவலோடு கூடியிருக்கும் பெடையை அன்றோ விளிக்கிறாள்? நாரையை ஆசார்யனாக மட்டுமே கொண்டால் அந்தச் சேவலுக்கு என்ன கதி? கூட்டத்தைக் கண்டதால் மிகுந்த ஆற்றாமையும் உடன் ஒழியும். ஆற்றாமை ஒழிந்தபின் அவள் தூது விடுவானேன்?