'அந்த நாள்': தழுவலும் தனித்தன்மையும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில் (இறுதியாக அது நடைபெற்றது 1961இல்) சிப்பிகள் திறக்கப்படாமலே ஏலம் விடப்பெற்றன. சிப்பி திறந்ததும் ஏலத்தின் பரபரப்பு அடங்கிவிடும். முத்து இருப்பின் அதன் மதிப்போ அப்பொழுதுதான் தொடங்கும். கொலையைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களையும் இவ்வாறு இருவகைப்படுத்தலாம். கொன்றவர் யாரென அறிந்தவுடன் சுவை தீர்வன ஒரு வகை. அறிந்த பின்னரும் உள்ளத்தைப் பற்றி நிற்பன மற்றொரு வகை. எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' இவற்றுள் எவ்வகையது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இப்படம் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) என்னும் ஜப்பானியப் படத்தின் வழிவந்தது என்பர். ஒரு கொலையைப் பலர் பலவாறு உரைக்கும் அமைப்பு இரண்டிற்கும் பொதுவே. ஆயினும், அமைப்பு ஒன்றாயின் கருத்தும் ஒன்றே எனக் கொள்ளுதல் பொருந்தாது. 'ரஷோமோ'னில் கொள்ளையன், மனைவி, இறந்த கணவன் ஆகிய மூவரும் அச்சாவுக்குத் தாமே காரணமென ஏற்கும் வகையில் பேசுகின்றனர். உண்மை எதுவென்பது ஐயத்திற்கு இடமாகின்றது. 'அந்த நா'ளிலோ விசாரிக்கப்படுவோர் பழியைப் பிறர்மேல் ஏற்றுகின்றனர். உண்மையும் இறுதியில் ஐயமின்றித் துணியப்படுகின்றது. முன்னது உண்மையை அறிய இயலுமா என வினவுகின்றது. பின்னது அறிந்த உண்மையைத் தாங்க இயலுமா என வினவுகின்றது.

கதை, சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943 அக்டோபரைக் களனாகக் கொண்டது. வானொலிப் பொறியாளனாகிய இராஜன் (சிவாஜி கணேசன்), தன் அறிவுக்கு நாட்டில் மதிப்பில்லை என்னும் மனக்கசப்பால் பகைவர்க்கு ஒற்றனாகின்றான். அதனை அறிந்த மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கைத்துப்பாக்கியே அவன் உயிரைப் போக்குகின்றது. கணவன்மேல் கொண்ட அன்பும் நாட்டின்மேல் கொண்ட கடமையும் ஒரே நெஞ்சில் பொருதும் இந்நிலை ஜப்பானிய மூலத்தில் இல்லை.

இதற்கு ஒப்புமை நம் இலக்கியத்தில் உண்டு. சிலம்பின் வழக்குரை காதையில், முத்தா மாணிக்கமா என்னும் ஒரே வினாவால் வழக்கு முடிகின்றது. முத்துடைய கொற்கைக்கு உரிய பாண்டியன், தன் அரசியின் சிலம்பிலுள்ளவை முத்துப் பரல்கள் என்கின்றான். கண்ணகியின் சிலம்பு உடைபட, மாணிக்கம் தெறிக்கின்றது. உண்மை வெளிப்பட்டதும் காப்பியம் முடியவில்லை. அதனைக் கண்ட அரசன் தன்னையே குற்றவாளியாகக் கண்டு உயிர் விடுகின்றான். பாலசந்தர் சிலம்பை நினைந்து படம் எடுத்தார் என்பது நம் கருத்தன்று. உண்மை துணியப்பட்ட பின்னரே நெஞ்சின் வழக்கு தொடங்கும் என்னும் நோக்கு இவ்விரண்டிலும் காணப்படுகின்றது என்பதே நாம் கூறுவது.

வீணைக் கலைஞராகிய பாலசந்தர் இப்படத்தில் பாடல் ஒன்றேனும் அமைக்கவில்லை. அதனைப் புதுமை என்று மட்டும் பாராட்டுதல் போதாது. பாடல் இருப்பின் ஐயத்தின் இறுக்கம் இடையிடையே தளர்ந்திருக்கும். ஆகவே அது கதையின் தேவையே ஆகும்.

குறையும் உண்டு. பிறர் கூற்றுகள் பொறாமை, பேராசை போன்ற புறக் காரணங்களையே விரிக்கின்றன. உஷாவின் உள்ளப் போருக்குக் கிடைப்பது இறுதிப் பகுதி ஒன்றே. இவ்வகையில், 'சேஸ் எ குரூக்கெட் ஷேடோ' (1958) என்னும் ஆங்கிலப் படத்தின் சாயலுடைய 'புதிய பறவை' (1964) ஒரு படி முன்னேறியது எனலாம். தாதா மிராசி இயக்கிய அப்படத்தில் குற்றமுடைய நெஞ்சே கதை முழுவதையும் தாங்குகின்றது; கோபாலின் வாய்மொழியே இறுதியில் சான்றாகின்றது.

எனவே, எப்படம் எதனைத் தழுவியது எனப் பட்டியலிடுவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. கடன் பெற்ற அமைப்பில் எவ்வினா புதிதாக எழுப்பப்பட்டது என்பதே நாடத்தக்கது. அவ்வாறு நாடின், 'அந்த நாள்' முடிவு தெரிந்த பின்னரும் காணத்தக்க படைப்பு என்பது தெளிவாகும்.