சுவரில் முளைத்த அரசு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பழைய வீடுகளின் கைப்பிடிச் சுவர்களை அண்ணாந்து பார்த்தால், ஓர் அரசங்கன்றாவது கண்ணில் படும். மைனாவும் காகமும் பழம் தின்று எச்சமிட்ட விதை, காரை விரிசலில் வேர்விட்டிருக்கும். போன்சாய் வளர்ப்பவர்களின் கண் அங்கேதான் போகும்.

காரணம் இருக்கிறது. மண் போதாமல் ஆண்டுக்கணக்கில் குறுகியே வளர்ந்த மரம் அது. வெட்ட வெட்டத் துளிர்த்து அடித்தண்டு பருத்து, வேர்கள் செங்கல்லை ஒட்டித் தட்டையாகப் பரவியிருக்கும். நர்சரித் தொட்டியில் அந்த உருவத்தை வரவழைக்க எத்தனையோ வருடம் பிடிக்கும். காற்றும் பனியும் குறுக்கிய மலை மரங்களை இப்படித் தேடி எடுப்பதை ஜப்பானியர் யமதோரி என்பார்கள். அங்கே ஜூனிப்பர், இங்கே அரசும் ஆலும் இச்சியும்.

எடுப்பதில்தான் கைத்திறன். வெடுக்கென்று இழுத்தால் வேர் அறுந்துவிடும். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உளியால் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, சல்லிவேரைக் காக்க வேண்டும். கிளைகளைக் குறைத்து, வெட்டிய இடத்தில் பால் வடிவது நின்றதும், உடைத்த செங்கல்லும் ஆற்று மணலும் கலந்து நட்டு நிழலில் வைக்கிறார்கள். சித்திரை வெயில் ஆகாது. அழகான பீங்கான் தட்டுக்கும் அவசரம் வேண்டாம். முதலில் ஆழமான தொட்டியில் தேறட்டும்.

வேலியோரக் கொடுக்காப்புளியும் இதற்கு அருமையான மரம். ஆனால் வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளில் ஒரு செடியைக்கூடத் தொடக் கூடாது. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் தடுக்கிறது. அதில் வருந்த ஒன்றுமில்லை. இடிக்கப்போகும் வீடுகள் இந்தப் புறநகரில் ஏராளம். ஜேசிபி வருவதற்கு முன்பே போய்க் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.