இரண்டும் தண்ணீரில்தான் நிற்கின்றன

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு, நாடகத்துக்கு, ஏன், புதுசாகத் திறந்த பிரியாணிக் கடைக்குக்கூட எழுதுகிறோம். ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது எழுதியிருக்கிறார்களா? தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிற சமாச்சாரம். அதனால் இந்த வாரம் திருநெல்வேலியிலிருந்து இரண்டு கட்டடங்கள். ஒன்று கோயில், இன்னொன்று பஸ் ஸ்டாண்ட்.

கோயில், குறுக்குத்துறை முருகன் கோயில். தாமிரபரணிக்குள்ளேயே பாறையோடு பாறையாக இருக்கிறது. வெள்ளம் வரும் திசையில் சுவர் படகின் முனை மாதிரிக் கூம்பியிருக்கும். வருகிற தண்ணீர் முட்டி மோதாமல் இரண்டாகப் பிரிந்து போய்விடும். ஆறு ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் பூஜைச் சாமான்களையும் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மூலவர் அங்கேயே இருப்பார். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி, விளக்கேற்றி, வழக்கம்போலப் பூஜை. 1992 வெள்ளத்திலும் முழுகினார், 2023 டிசம்பரிலும் முழுகினார். ஊர்க்காரர்கள் யாரும் இதை ஒரு விபத்தாகப் பேசி நான் கேட்டதில்லை. 'குறுக்குத்துறை முங்கிட்டா?' என்று விசாரிப்பார்கள். அதை வைத்துத்தான் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுவார்கள்.

இனி பஸ் ஸ்டாண்ட். புது பஸ் ஸ்டாண்ட் என்று சொல்கிறோமே, அது. 2000-களின் தொடக்கத்தில் வந்தது. இருக்கிற இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம். பெயரிலேயே குளம் இருக்கிறது! குளத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு கட்டினார்கள். மிச்சக் குளம் பக்கத்திலேயே கிடக்கிறது. விசாலமான கட்டடம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் சுவரையோ தரையையோ பார்த்து, இங்கே ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. மேட்டுநிலத்தில், மதுரையிலோ சேலத்திலோ, எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம்.

விமர்சனம் இத்தோடு முடிந்தால் சுலபம். 'நம் முன்னோர்கள் மேதைகள், நாம் முட்டாள்கள்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி சாப்பிடப் போகலாம். அங்கேதான் ஒரு சிக்கல்.

அந்தக் குளம் இயற்கை கிடையாது சார். மனுஷன் வெட்டியது.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அதில் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் பிரிகிறது. பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் கிளம்பி, மேலப்பாளையம் வழியாகப் பாளையங்கோட்டைக்கு வருகிறது. கால்வாய் குளத்தை நிரப்பும், குளம் வயலை நனைக்கும், மிஞ்சியது அடுத்த குளத்துக்குப் போகும். டவுன், மேலப்பாளையம், பாளையங்கோட்டை என்று நாம் ஏரியா ஏரியாவாகச் சொல்கிற ஊர்கள் இந்தத் தண்ணீர் வழியை ஒட்டித்தான் வளர்ந்தன. மழை பொதிகையில் பெய்வது இயற்கை. அது டவுனுக்குள் வந்து நயினார்குளத்தில் தேங்குவது மண்வெட்டி பிடித்தவர்களின் உபயம். அங்கே நீர்க்காகமும் கொக்கும் வந்து இறங்குவது மறுபடி இயற்கை. கரையில் காய்கறி மார்க்கெட் வைத்துக் கழிவைக் கொட்டுவது மறுபடி நாம். எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

இதை ஆராய்வதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. நகரச் சூழலியல். அமெரிக்காவில் பால்டிமோர், பீனிக்ஸ் என்ற இரண்டு நகரங்களை எடுத்துக்கொண்டு, காட்டை ஆராய்வது மாதிரியே, 1997-லிருந்து வருடக்கணக்கில் அளந்தார்கள். மரம், மண், சாக்கடை, வீட்டுத் தோட்டம், வருமானம் எல்லாம் ஒரே நோட்டில். இதில் பீனிக்ஸ் நமக்குச் சொந்தக்காரன் மாதிரி. பாலைவன ஊர். ஹோஹோகம் என்ற பூர்வகுடிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய வாய்க்கால் தடங்களை ஒட்டித்தான் இன்றைய கால்வாய்கள் பலவும் ஓடுகின்றன.

நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம் 2011-லிருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் பைனாகுலரோடு குளத்தங்கரையில் நிற்கிறார்கள். நான் பி.காம். படித்தவன், யார் எதைக் கணக்கெடுத்தாலும் எனக்குப் பிடிக்கும். ஒரு குறைதான். கொக்குக்கு இருக்கிற நோட்டு, தண்ணீர் ஏறுகிற தெருவுக்கு இல்லை. எந்தத் தெருவில் எத்தனை அடி ஏறியது, எத்தனை மணி நேரம் நின்றது, அங்கே குடியிருப்பவர் யார் என்று யாராவது வருஷா வருஷம் எழுதி வைக்க வேண்டாமா?

டபுள் என்ட்ரி என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள் காலேஜில். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். குளத்தில் பாதியை பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்தால், அந்தப் பாதியில் நின்ற தண்ணீரை எந்தக் கணக்கில் எழுதுவது? நம்மிடம் நீர்வளத்துறைக்கு ஒரு லெட்ஜர், மாநகராட்சிக்கு ஒரு லெட்ஜர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆளைத்தான் காணோம்.

2023 டிசம்பர் 17, 18-க்கு வருகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த மழைக்கு எந்த ஊரும் முங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தெரு முதலில் முங்கும் என்பதை மழை முடிவு செய்வதில்லை. ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் என்று வெள்ளம் புகுந்தது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே புகுந்தது. எல்லாரும் 'இயற்கைச் சீற்றம்' என்றார்கள். அந்த வார்த்தை ஒரு நல்ல ரப்பர். நம் பக்கத்துக் கணக்கை அழித்துவிடும்.

ஊரின் பெயர்க்கதை நினைவிருக்கிறதா? வேதசர்மா காயப்போட்ட நெல்லின் மேல் மழை விழாமல் சிவன் வேலி போட்டார், அதனால் திருநெல்வேலி. அந்தக் கதையிலும் மழை நிற்கவில்லை. சுற்றிலும் கொட்டியது, நெல் மட்டும் நனையவில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் என்ன ஆயின என்று புராணம் சொல்வதில்லை. முன்னோர் மேதைகள் கட்சிக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். படித்துறை இருந்தது, சரி. எந்தத் துறையில் யார் குளிக்கலாம் என்பதிலும் ஜாதி இருந்தது. மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்பதும் அந்தப் பழைய திட்டமிடலில் சேர்த்திதான்.

ஆற்றின் கதையும் இதேதான். எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தாமிரபரணிக்காக வழக்குப் போட்டு, 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இரண்டு பேர் நேரிலேயே வந்து, சாக்கடை கலக்கிற இடங்களைப் பார்த்தார்கள். குழாய் எங்கே விடுகிறது என்று பார்க்க நீதிபதிகள் கரைக்கு வரவேண்டியிருக்கிறது!

மீனாட்சிபுரத்தில் ஒரு டீக்கடை. சுவரில் இரண்டு கோடுகள், கரியால் இழுத்தது. ஒன்றில் 92 என்றும் இன்னொன்றில் 2023 என்றும் எழுதியிருந்தது. என்ன அண்ணாச்சி என்று கேட்டேன்.

"தண்ணி நின்ன மட்டம் சார். ஆறு வரதுக்கு முந்தி சாக்கடைதான் எதுத்துக்கிட்டு வரும். சாக்கடை பொங்குனாலே நாங்க சாமான ஏத்த ஆரம்பிச்சிருவோம்."

"பொங்கலுக்கு வெள்ளையடிக்கலையா?"

"அடிச்சோமே. அந்த எடத்த மட்டும் விடச் சொல்லிட்டேன்" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே மேலே கையைக் காட்டினார். இரண்டு கோட்டுக்கும் ஒரு அடி மேலே புதுப்பலகை அடித்து, மிக்ஸியையும் ரேஷன் கார்டு இருக்கிற டப்பாவையும் வைத்திருந்தார். பக்கத்தில் குறுக்குத்துறை முருகன் படம், மாலை போட்டு.