பாதம் பார்க்காத பாடம்

எம்.பி.பி.எஸ். மாணவர் எவரையாவது நிறுத்தி, மெலனோமா என்ற தோல் புற்றுநோயை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஏ, பி, சி, டி, ஈ என்று ஒப்பிப்பார். மச்சத்தின் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் ஏ. ஓரம் பிசிறடித்திருந்தால் பி. ஒரே மச்சத்தில் பல நிறம் தெரிந்தால் சி. குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் டி. நாளுக்கு நாள் மாறிக்கொண்டே போனால் ஈ. சரி, இந்த வாரம் வார்டில் எத்தனை பேருடைய உள்ளங்காலைப் பார்த்தாய் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பதில் அவ்வளவு வேகமாக வராது.

தோல் புற்றுநோயை மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில்தான் இருக்கின்றன.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 1985இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரீட்மன், ரைகல், காப் ஆகிய மூவர் முதல் நான்கு எழுத்துகளை வகுத்தார்கள். ஈ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, 2004இல். 1985க்கு முன்பு மெலனோமா என்றால் புண்ணாகி ரத்தம் கசியும் கறுப்புக் கட்டி என்பதுதான் பொது மருத்துவர்களின் மனப்படம். அந்த நிலைக்கு வந்த கட்டி பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும். மெலனோமாவில் உயிர் பிழைப்பது கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிரெஸ்லோ என்ற மருத்துவர் 1970இலேயே காட்டிய உண்மை இது. மெல்லியதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதை அத்தோடு முடிந்தது. ஆக, தோல் மருத்துவர் அல்லாதவரின் கண்ணுக்கும் ஒரு மொழியைக் கொடுத்த வகையில் அந்த ஐந்து எழுத்துகள் சாதாரணமானவை அல்ல.

செலவில்லாத பாடம் என்பது இன்னொரு பலம். நுரையீரலின் சத்தம் கேட்க முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறோம். நோயாளியால் தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. சட்டையைத் தூக்கிய மருத்துவரால் முடியும். ஆண்களுக்கு மெலனோமா அதிகம் வரும் இடங்களில் முதுகும் ஒன்று. தனியாகத் தோல் பரிசோதனை என்று நேரம் ஒதுக்காமல், மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்தே தோலையும் பார்க்கப் பழக்குவது அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் நடக்கிறது. இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

இனி குறைக்கு வருவோம். அந்த ஐந்து எழுத்துகளும் வெள்ளைத் தோலில் எழுதப்பட்டவை. பாடப் புத்தகப் படங்களும் பெரும்பாலும் அந்தத் தோலுக்கு உரியவையே. லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்ட ஒரு கையேட்டையே தயாரிக்க வேண்டியிருந்தது. ஆண்டு 2020. அவ்வளவு தாமதம்.

நம் ஊரில் மெலனோமா அபூர்வம். வருகிறவற்றில் கணிசமானவை உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகின்றன. வெயில் படாத இடங்கள். அங்கே அது மச்சம்போலத் தோற்றம் தருவதில்லை. 'கால் ஆணி' என்று பிளேடால் சீவிக்கொள்வார்கள். 'எப்போதோ முள் குத்திய இடம்' என்பார்கள். நகம் கறுத்தால், கல் தடுக்கியது என்பார்கள். பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் 1977இல் தெரிந்த மெலனோமாவும் பந்தாட்டக் காயம் என்றே முதலில் கருதப்பட்டது. 1981இல் 36 வயதில் இறந்தார். வகுப்பில் மார்லியின் படம் தவறாமல் வரும். அடுத்த ஸ்லைடிலேயே மறுபடி வெள்ளைத் தோல் வந்துவிடும்!

நகத்தைப் பற்றி நம் மாணவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. மாநிறத்தவர், கறுத்தவர் பலருக்கும் பல நகங்களில் கறுங்கோடு இயல்பாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே வரும் கோடு, அதுவும் நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் கறுப்பு படர்ந்தால், பயாப்ஸிக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய கோளாறு பாடம் துறைவாரியாகத் துண்டுபட்டுக் கிடப்பது. தோல் பிரிவுப் பயிற்சியான 'ஸ்கின் போஸ்டிங்'கில் மாணவர் மச்சத்தைப் படிக்கிறார். சர்ஜரி தேர்வில் ஷார்ட் கேஸாக 'அல்சர்' வருகிறது. புண்ணின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருந்தால் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று அங்கே ஒப்பிக்கிறார். இரண்டும் தோல் புற்றுநோய்தான் என்பது அவர் மனத்தில் ஒன்றுசேர்வதே இல்லை. இந்தியத் தோலைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது பாடம்தான் முதன்மையானது. தீக்காயத் தழும்பில் பல ஆண்டுகள் கழித்துக் கிளம்பும் புண். தொழுநோயாளியின் பாதத்தில் ஆறாமல் கிடக்கும் புண். காஷ்மீரில் குளிருக்காக அங்கிக்குள் காங்ரி என்ற கனல்சட்டியை வைத்துக்கொள்கிறவர்களின் தொடையிலும் வயிற்றிலும் வரும் புற்று. ஆர்செனிக் கலந்த குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த வங்காளத்துக் கிராமங்களின் கதை இன்னொன்று. இடுப்பில் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி, உரசி உரசிப் புண்ணாகி, அதுவே புற்றாக மாறிய மூதாட்டிகள் இருவரைப் பற்றி 2024இல் இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள். இவர்களில் எவருக்கும் ஏ, பி, சி, டி, ஈ உதவியிருக்காது. "புண் எத்தனை நாளாக இருக்கிறது? அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது? என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்ற மூன்று கேள்விகள் உதவியிருக்கும்.

வேலையைக் கேட்பது புதிய யோசனை அல்ல. 1775இல் லண்டனின் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளின் விதைப்பைத் தோலில் வந்த புற்றுக்குக் கரிதான் காரணம் என்று கண்டுபிடித்தார். தொழிலுக்கும் புற்றுக்கும் இருக்கும் உறவு முதன்முதலில் தெரியவந்ததே தோலில்தான்.

மாணவரிடம் மறைக்கப்படும் இன்னொரு சங்கதியும் உண்டு. 'சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் தப்பும்' என்ற வாக்கியத்தை அவர் வேதவாக்காக ஏற்றுக்கொள்கிறார். அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவோ, அறிகுறி இல்லாதவர்களின் தோலை மருத்துவர் சோதிப்பதால் வரும் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய ஆதாரம் இல்லை என்று 2016இலும், மறுபடி 2023இலும் சொல்லிவிட்டது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தில் 2003-04இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தோலைச் சோதித்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே மெலனோமா சாவு விகிதம் ஏறக்குறையப் பாதியானது. உற்சாகத்தில் 2008இல் 35 வயதைக் கடந்த எல்லோருக்கும் நாடு முழுவதும் திட்டத்தை விரித்தார்கள். எதிர்பார்த்த சரிவு நாட்டளவில் வரவில்லை. அந்த மாநிலத்திலேயே சாவு விகிதம் பழைய இடத்துக்குத் திரும்பியது. அமெரிக்காவில் மெலனோமா என்று பெயர் சூட்டப்படுவது நாற்பது ஆண்டுகளில் சுமார் ஆறு மடங்கானது, சாவு விகிதம் அப்படி ஏறவில்லை. கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும் ஆளைக் கொன்றிருக்காத பலவற்றை வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். ஆகவே பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரையே வரிசையில் நிறுத்திச் சோதிப்பது வேறு, சந்தேகத்தோடு வந்தவரை ஒழுங்காகப் பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கற்பிக்காமல் ஐந்து எழுத்தை மட்டும் கற்பித்தால், மாணவர் பயம் காட்டத்தான் பழகுவார்.

தடுப்புப் பாடத்திலும் வெள்ளைத் தோலுக்கான பாடத்தை நகலெடுக்கும் அதே வேலைதான். ஆஸ்திரேலியாவுக்கு வெயில் பாடம் உயிர்ப் பாடம். சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981இல் அங்கே தொடங்கிய பிரசாரத்துக்குப் பின்னால் வலுவான சான்றும் சேர்ந்தது: குயின்ஸ்லாந்தின் நாம்பூர் ஊரில் 1,600 பேரை வைத்து நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்க்ரீன் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் கார்சினோமா சுமார் 40 சதவீதம் குறைந்தது. அதை அப்படியே சென்னை மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தால், முகம் கறுக்காமல் இருக்கக் களிம்பு கேட்டு வருகிறவருக்குச் சீட்டு எழுதத்தான் அது பயன்படும். இங்கே உண்மையிலேயே சன்ஸ்க்ரீன் தேவைப்படுகிறவர்கள் பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்களும், சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்களும். மாற்று அறுவைச் சிகிச்சை ஏராளமாக நடக்கும் தமிழ்நாட்டில் இந்த அறிவுரை மாத்திரைச் சீட்டோடு சேர்ந்தே போக வேண்டும்.

நேரம் இல்லை என்று பேராசிரியர்கள் சொல்லக்கூடும். தனியாக நேரம் தேவையே இல்லை. சர்க்கரை நோயாளியின் பாதத்தை உணர்ச்சி இருக்கிறதா என்று மாணவர் ஏற்கெனவே தொட்டுப் பார்க்கிறார். விரல் இடுக்கையும் நகத்தையும் பார்க்க அதே நிமிடம் போதும். தேர்வில் வராத எதையும் மாணவர் படிக்க மாட்டார் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. எனவே தேர்வு வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை 'தோலைப் பரிசோதிக்கவும்' என்று எழுதிப்போட்டு, சாக்ஸ் போட்ட ஒருவரைப் படுக்க வையுங்கள். சாக்ஸைக் கழற்றாத மாணவருக்கு மதிப்பெண் போடாதீர்கள்.