நம்ம சரக்கா?

வெள்ளக்கடையிலிருந்து மலையிறங்கி சேலத்துக்குள் நுழையும்போது, ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச் நிற்கிறது. ஸ்டூடியோதான் இல்லை. லீட்ஸில் டெக்ஸ்டைல் படித்துவிட்டு வந்த டி.ஆர்.சுந்தரம், மில் நடத்துகிற மாதிரியே சினிமா எடுத்தார். ஸ்கிரிப்ட் முடியாமல் ஷூட்டிங் கிடையாது. லேட்டாக வருகிற ஸ்டார் யாராயிருந்தாலும் பாச்சா பலிக்காது என்பார்கள்.

அவருடைய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) தமிழின் முதல் முழுநீள கலர் படம். திரும்பப் பார்த்தேன். டான்ஸ், காமெடி, சண்டை எல்லாம் அளந்து வெட்டின துணி மாதிரி. எங்கேயும் தொங்கவில்லை. ஆனால் கதைப்போக்கும் சில மெட்டுகளும் 1954-ல் வந்த இந்தி அலிபாபாவிலிருந்து இறங்கியவை. கணக்கு, கடிகாரம், கேமரா எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்த மனுஷர், 'இது நம்ம சரக்கா?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் கம்பெனி நூறு படம் தாண்டியிருக்காது என்பதும் நிஜம்.

1963-ல் அவர் மறைந்த பிறகும் அங்கே ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடினார். 'வல்லவன் ஒருவன்' (1966) அப்பட்டமான ஜேம்ஸ்பாண்ட் ஜாடை. எனக்குப் பிடிக்கும்.